மறுமுறை பிழைத்தோர்க்கு மிகு தண்டம்

“பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். பல நாளும் களவு செய்து ஒரு நாள் அகப்பட்டவன், நியாயஸ்தலத்திலே முதற் குற்றவாளியே ஆவான். ஒருமுறை பிழைத்து, அகப்பட்டு, தண்டனையும் பெற்று, வறுமையாலோ தீய கூட்டுறவாலோ இரண்டாம் முறை பிழைத்தவனோ பழைய குற்றவாளி எனப்படுவான். சட்டம் எண்ணுவது ஒருவன் செய்த பிழைகளையன்று. தீர்ப்பினால் நிலைபெற்ற பிழைகளையே. இவ்வெண்ணிக்கை எங்ஙனம் நடைபெறுகிறது, எண்ணிக்கை ஏறத் தண்டனையும் ஏறுவது எவ்வளவிற்கு நீதியாகும், எவ்விடத்தில் அந்நீதி கோணும் என்பவற்றை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறேன். சென்ற கோடை விடுமுறையில், பழனி மலைமேலுள்ள கோடைக்கானலில், வழக்கறிஞராகிய என் தாய்மாமன் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலை, மூடுபனி விலகாத வேளையில், அவருடன் நியாயஸ்தலத்திற்குச் சென்றேன். வாயிலருகே, ஏறக்குறைய என் வயதினனாகிய ஓர் இளைஞனைக் காவலர் இருவர் நடுவே நிறுத்தியிருந்தனர். உல்லாசப் பயணிகளுக்கு விற்பதற்கென்று சில கஞ்சாப் பொட்டலங்களை வைத்திருந்து அகப்பட்டவன் என்றார்கள். சற்று எட்டக் கம்பளி போர்த்து நின்ற அவன் தாய் என் மாமாவை அணுகி, “ஐயா, இது இரண்டாந் தடவை. போன தடவை அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். இந்தத் தடவையும் அப்படியே விடுவார்களா?” என்று கேட்டாள். அவர் உடனே விடை பகரவில்லை.

திரும்பும் வழியில் யான் அவரை நோக்கி, “மாமா, அதே பையன், அதே பொட்டலம். முதன்முறைக்கும் இரண்டாம் முறைக்கும் என்ன வேறுபாடு?” என்றேன். அவர், “தம்பி, பொட்டலம் மாறவில்லை; பையன் மாறிவிட்டான். முதன்முறை விளைவு அறியாமல் செய்தான் எனலாம். இம்முறை அறிந்தே செய்தான் என்கிறது சட்டம். அப்படிச் சொல்லச் சட்டத்திற்கு உரிமை உண்டா என்பதை நீயே படித்துப் பார்” என்றார். அன்று தொடங்கிய படிப்பின் பயனே கீழே வருவது.

சட்டம் கூட்டும் முறை

தண்டனையை மிகுவிக்கும் முறை எல்லாச் சட்டங்களிலும் ஒரு தன்மையதன்று. நம் நாட்டுச் சட்டங்களில் நான்கு முறைகளைக் காணலாம்.

முதலாவது, விகிதத்தால் மிகுவித்தல். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இம்முறையைக் கைக்கொண்டது. கோடைக்கானலில் கஞ்சா விற்றாலும், மலைப்புல்வெளிகளில் முளைக்கும் போதைக் காளானை விற்றாலும் இச்சட்டமே பாயும். கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு என்றும், 20 கிலோவிற்கு மேற்பட்டது வாணிக அளவு என்றும் வகுத்திருக்கின்றனர். சிறிய அளவிற்கு 1 ஆண்டு வரையிலும், இடைப்பட்ட அளவிற்கு 10 ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். வாணிக அளவாயின் 10 ஆண்டிற்குக் குறையாமலும் 20 ஆண்டிற்கு மேற்படாமலும் விதித்தல் வேண்டும். ஒருமுறை தண்டிக்கப்பட்டவன் அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்திற்காக மறுமுறையும் தண்டிக்கப்படுவானாயின், இவ்வெல்லைகள் யாவும் ஒன்றரை மடங்காகும். 1 ஆண்டு ஒன்றரை ஆண்டாகவும், 10 ஆண்டு 15 ஆண்டாகவும், 20 ஆண்டு 30 ஆண்டாகவும் உயரும். அபராதமும் அவ்வாறே உயரும். எனவே, அத்தாயின் மகன் சிறிய அளவினை வைத்திருந்தவனாயின் 18 மாதம் வரை சிறை செல்லக்கூடும்; அளவு மிகுந்ததாயின் அவன் இளமையெல்லாம் சிறையிலே கழியவுங் கூடும்.

மிகப் பெரிய அளவில் கடத்தி மறுமுறை தண்டிக்கப்படுவோர்க்கு மரண தண்டனையையே கட்டாயமாக்கும் ஒரு பிரிவும் இச்சட்டத்தில் 1989 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் இக்கட்டாயத்தை ஒப்பவில்லை. மரணம் விதிப்பதும் விதியாது விடுவதும் நீதிபதியின் ஆய்வுக்குரியன என்று தீர்ப்பளித்தது. 2014 ஆம் ஆண்டில் பாராளுமன்றமும் அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்திற்று.

இரண்டாவது, மேலெல்லையை உயர்த்துதல். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 75 ஆம் பிரிவு இத்தகையது. அதன் சாரம், 2024 ஜூலை 1 ஆம் நாள் முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 13 ஆம் பிரிவாக அமைந்திருக்கிறது. நாணயக் குற்றத்திற்கோ பொருட் குற்றத்திற்கோ, 3 ஆண்டும் அதற்கு மேலும் சிறை விதித்தற்குரிய பிரிவொன்றில் தண்டிக்கப்பட்டவன், மீண்டும் அத்தகைய குற்றஞ்செய்தால் 10 ஆண்டு வரையிலோ ஆயுட்காலம் முழுவதுமோ சிறையிடப்படலாம். ‘இடப்படலாம்’ என்பதைக் கவனிக்க. சட்டம் கதவை அகலத் திறந்து வைக்கிறது. அதனுள் எவ்வளவு தூரம் செல்வது என்பதை நீதிபதியே தீர்மானிக்கிறார்.

மூன்றாவது, கீழெல்லையை வகுத்தல். சாதாரணக் களவிற்கு முதன்முறை 3 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்; அபராதத்தோடு விடுதலும் கூடும். மறுமுறையாயின் 1 ஆண்டிற்குக் குறையாத கடுங்காவல் கட்டாயம். அது 5 ஆண்டு வரை நீளலாம். இங்கே நீதிபதியின் இரக்கத்திற்கும் ஓர் எல்லை கட்டப்பட்டது.

நான்காவது, அபராதத்தை மாத்திரம் உயர்த்துதல். பழனி மலையின் ஒரு பகுதியைத் தன்னுள் அடக்கிய கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013 ஆம் ஆண்டில் அமைந்தது. சரணாலயத்தினுள் வேட்டையாடுவோர்க்கு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதன்முறையே 3 முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. மறுமுறையும் சிறைக்கால எல்லை அதுவே; அபராதத்தின் கீழெல்லை மாத்திரம் பன்மடங்கு உயர்கிறது.

மிகுதிக்குக் காரணம்

‘முதற் குற்றத்திற்குரிய தண்டனையை ஒருவன் அனுபவித்துத் தீர்த்துவிட்டான், தீர்ந்த கடனை மீண்டும் கணக்கில் எழுதலாமோ?’ என்று வினவுவார் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரே குற்றத்திற்கு ஒருவனை இருமுறை வழக்காடித் தண்டித்தல் ஆகாது என்று நம் அரசியல் சாசனத்தின் 20 ஆம் பிரிவே விலக்குகிறது. ஆயினும் மிகு தண்டம் பழைய குற்றத்திற்கு விதிக்கப்படுவதன்று. புதிய குற்றத்திற்கே விதிக்கப்படுவது. பழைய தீர்ப்பு ஓர் எச்சரிக்கையாய் நின்றது. எச்சரிக்கையைக் கேட்டும் பிழைத்தவனது பிழை, கேளாமற் பிழைத்தவனது பிழையினும் கனத்தது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவிலே எச்சரிக்கைப் பலகையைக் கண்டும் வண்டியை விரைந்து செலுத்துபவன், காணாது செலுத்துபவனைப் போலன்றே! இதுவே மிகு தண்டத்திற்குச் சொல்லப்படும் முதன்மையான காரணம். பிறரைக் காத்தலும், அவன்போல்வாரை அச்சுறுத்தலும் அடுத்த காரணங்களாம்.

இக்கருத்து மிகப் பழையது. முடிச்சவிழ்ப்பவனுக்கு முதன்முறை விரலையும், இரண்டாம் முறை கையையும் காலையும், மூன்றாம் முறை உயிரையும் தண்டமாகக் கூறும் மனுவின் தர்மசாஸ்திரம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1864 ஆம் ஆண்டில் வந்த கசையடிச் சட்டம், மறுமுறை களவாடியோர்க்குச் சிறையோடு கசையடியும் சேர்த்து வழங்க இடந்தந்தது. இவ்வுடற்றண்டனைகள் ஒழிந்தன, ஆனால் எண்ணிக்கை ஏறத் தண்டம் ஏறும் என்னும் விதி ஒழியவில்லை.

எண்ணிக்கைக்கு இட்ட காவல்

பழைய குற்றம் தண்டனையை மிகுவிக்கலாம், குற்றத்தை மெய்ப்பிக்கலாகாது. இவ்வேறுபாடே இப்பொருளின் உயிர்நிலை என்பது என் துணிபு. ‘முன்னே திருடியவன், ஆகையால் இப்போதும் இவனே திருடியிருப்பான்’ என்று நீதிபதி எண்ணத் தொடங்கினால், வழக்கு விசாரணைக்கு முன்பே முடிந்துவிடும்.

ஆதலின் சட்டம் ஒரு நல்ல காவலை இட்டிருக்கிறது. மிகு தண்டம் வேண்டுவோர், முற்தண்டனையின் விவரத்தையும் நாளையும் இடத்தையும் குற்றச்சாட்டில் எழுதுதல் வேண்டும். எழுதினும், செஷன்ஸ் நீதிமன்றத்திலும் வாரண்டு வழக்குகளிலும் அப்பகுதியை நீதிபதி உடனே படித்தல் ஆகாது. புதிய குற்றம் மெய்ப்பட்டது என்று தீர்மானித்த பின்னரே, ‘நீ முன்னும் தண்டிக்கப்பட்டவனா?’ என்று வினவுதல் வேண்டும். அவன் மறுப்பானாயின் அதற்கும் தனியே சான்று காட்டல் வேண்டும். கல்கத்தாவில் 1897 ஆம் ஆண்டில் தொடங்கிய கைரேகை நிலையமும், அதுபோல் வளர்ந்த பிறவும், ‘அவனே இவன்’ என்பதை ஐயமறத் துணிவதற்குப் பயன்பட்டு வந்தன.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இக்காவலின் அருமையைச் சிலப்பதிகாரம் நன்கு உணர்த்தும். பொற்கொல்லன் காவலரைக் கோவலனிடம் அழைத்துச் சென்றபோது, ‘இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று’ என்று காவலர் தயங்கினர். உடனே பொற்கொல்லன், கோவலன் செய்தது இன்னது என்று காட்டினானல்லன். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் துணைக்கொண்டு தொழில் புரிபவர் கள்வர் என்று கள்வர் கூட்டத்தின் இயல்பையே விரித்துரைத்தான். செயலைக் குறித்த வினாவிற்கு இனத்தைக் குறித்த விடை கிடைத்தது. அவ்விடையை நம்பிய வாள் ஒரு குற்றமற்றவனை வீழ்த்தியது.

மலையடிவாரம் காட்டும் பாடம்

காவியத்தில் நிகழ்ந்த அப்பிழை நம் நாட்டிலே சட்டமாகவும் எழுதப்பட்டது. கோடைக்கானலின் தென்பால் மலை விளிம்பில் நின்று கீழே நோக்கினால், வானம் தெளிந்த நாளில் பெரியகுளத்துச் சமவெளியும் வைகை அணையின் நீர்ப்பரப்பும் தோன்றும். அவற்றிற்கு அப்பால் உசிலம்பட்டிப் பகுதி பரந்து கிடக்கிறது. மலையும் அப்பகுதியும் அந்நாளில் ஒரே மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

1871 ஆம் ஆண்டில் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. உசிலம்பட்டிப் பகுதியில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தார் இதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். பெயரைப் பதிவு செய்து கைரேகை தருதல், ஊர் கடந்து செல்வதற்கு அனுமதி பெறுதல், குறித்த வேளையில் காவலர்முன் தோன்றுதல் ஆகிய கட்டுப்பாடுகள், ஒரு குற்றமும் செய்யாதவர்மேலும் சுமத்தப்பட்டன. 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மக்கள் இப்பதிவினை எதிர்த்தபோது, காவலர் துப்பாக்கியாற் சுட்டனர். பெண் ஒருத்தி உட்படப் பதினாறு பேர் மாண்டனர்.

நம் பொருளுக்குரியது அச்சட்டத்தின் 23 ஆம் பிரிவு. பதிவு செய்யப்பட்ட சமூகத்தான் ஒருவன் குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் 7 ஆண்டிற்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுட்காலத் தீவாந்தரம். தனிப்பட்ட காரணம் காட்டினாலன்றி நீதிபதியும் இதனைக் குறைத்தல் இயலாது. அதே களவை அதே எண்ணிக்கையில் செய்த அயலூரானுக்கு இக்கட்டாயம் இல்லை. ஆக, இருவர் தண்டனைக்கும் இடையேயிருந்த வேறுபாடு செயலால் வந்ததன்று, எண்ணிக்கையால் வந்ததுமன்று, பிறப்பால் வந்தது.

இக்கொடுமையை எதிர்த்து வழக்காடியோருள் மதுரையில் வாழ்ந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் முதன்மையானவர். கேரள நாட்டுக் கிறிஸ்தவராகிய அவரை அம்மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்புடன் அழைத்தனர். பலர் முயற்சியாலும் சென்னை மாகாணத்தில் 1947 ஆம் ஆண்டிலும், இந்தியா முழுமையிலும் 1952 ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அதனிடத்தில் இங்கு வந்தது 1948 ஆம் ஆண்டின் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். இது பிறந்த குலத்தை நோக்காது, ஒருவன் தானே பெற்ற தண்டனைகளையே நோக்குவது. இம்மாற்றம் பெரிது. ஆயினும் சட்டப் புத்தகத்தினின்று நீங்கிய எண்ணம், பதிவேடுகளினின்றும் மனங்களினின்றும் விரைவில் நீங்குவதில்லை. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம், சிறைகளில் சாதி வேறுபாடு பாராட்டும் விதிகளைச் செல்லாதனவாக்கியபோது, ‘வழக்கக் குற்றவாளி’ என்னும் சொல்லைச் சட்டம் வரையறுத்த பொருளிலன்றி வேறு பொருளில் வழங்கலாகாது என்றும் கட்டளையிட வேண்டியதாயிற்று.

அயல்நாட்டு அனுபவம்

பிறப்பை நோக்காது எண்ணிக்கையை மாத்திரம் நோக்கினும், அளவு மீறினால் நீதி கோணும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சான்றாகும். அங்கே 1994 ஆம் ஆண்டில் வந்த சட்டம், கொடிய குற்றம் இரண்டு புரிந்தவன் மூன்றாவதாக எப்பெருங்குற்றம் புரிந்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்று விதித்தது. மூன்று கோல்ப் மட்டைகளைத் திருடிய ஒருவனுக்கு இத்தண்டனை கிடைத்தது. 2003 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் அதனை உறுதி செய்தது. 2012 ஆம் ஆண்டில் அம்மாநில மக்களே வாக்களித்து, மூன்றாவது குற்றமும் பெரும்பாலும் கொடியதாய் இருத்தல் வேண்டும் என்று அதனைத் திருத்தினர். எண்ணிக்கை செயலை மறைத்துவிடலாகாது என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

மீளும் வழி

முதற் தீர்ப்பு எச்சரிக்கையாதலின் மறுமுறை மிகு தண்டம் தகும் என்றோம். அவ்வாறாயின் அவ்வெச்சரிக்கையோடு திருந்தும் வழியும் காட்டியிருத்தல் வேண்டுமன்றோ? வழியை அடைத்துவிட்டு, ‘ஏன் இவ்வழியே வந்தாய்?’ என்று வினவுதல் முறையன்று.

சட்டம் சில வழிகளைத் திறந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை களவாடியவன் அதனைத் திருப்பித் தந்தால், சிறைக்கு மாறாகச் சமுதாயத் தொண்டு விதிக்கப்படும். 1958 ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், 21 வயதிற்குட்பட்டோரைக் கூடுமானவரை சிறைக்கு அனுப்பாது காக்க முயல்கிறது. போதைப்பொருளுக்கு அடிமையானோர் தாமே முன்வந்து சிகிச்சை பெறுவாராயின், சிறிய அளவுக் குற்றங்களில் வழக்கினின்று விலக்குப் பெறுதலும் கூடும். ஆனால் விற்பதற்கு வைத்திருந்த இளைஞன் 18 வயது நிரம்பியவனாயின், நன்னடத்தைச் சட்டத்தின் நிழல் அவன்மேல் விழாது. போதைப்பொருள் சட்டமே அதனை விலக்கியிருக்கிறது. யான் கண்ட இளைஞனுக்கு முதன்முறை கிடைத்தது அபராதம் ஒன்றே. அபராதத்தை அவன் தாய் கடன் பட்டுச் செலுத்தியிருப்பாள். அவனுக்கு ஒரு தொழிலையோ, கண்காணித்து நல்வழி கூறும் ஒருவரையோ எவரும் தந்ததாகத் தோன்றவில்லை. அவனுக்குக் கிடைத்த எச்சரிக்கை வெறும் கணக்கேட்டுக் குறிப்பாய் நின்றது. இரண்டாம் முறை அக்குறிப்பே அவனுக்கு எதிராய் எழுந்தது.

தண்டக்கோலை ஓங்கும்போது வன்மையாக ஓங்குக. வீழ்த்தும்போது அளவறிந்து மென்மையாக வீழ்த்துக என்பது வள்ளுவர் அரசர்க்குக் கூறிய அறிவுரையின் கருத்து. மிகு தண்டச் சட்டம் ஓங்கிய கோல் போல்வது. அஃது ஓங்கியே நிற்க. ஆயின் அது வீழுமிடத்தில் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். எண்ணப்படுவது இவன் தானே செய்து மெய்ப்பட்ட செயலா? இப்போது செய்த பிழை அத்துணைத் தண்டத்திற்குத் தக்கதா? முதற் பிழைக்கும் இப்பிழைக்கும் இடையே இவன் திருந்துதற்கு ஒரு வழி இருந்ததா? இம்மூன்றிற்கும் ‘ஆம்’ என்று விடை வருமிடத்து மிகு தண்டம் நீதியாகும். வாராவிடத்து அது வெறுங் கூட்டற்கணக்கேயாகும்.

இறுதியாக, உடன் பயிலும் நண்பர்களுக்கு ஒரு சொல். விடுமுறை தோறும் நம்மனோர் பலர் கோடைக்கானலுக்குச் செல்கின்றனர். அங்கே விற்போன் ஒருவன் இருத்தற்குக் காரணம், வாங்குவோன் ஒருவன் மலையேறி வருதலே. வாங்கி உண்பதும் குற்றமே; அதற்கும் சட்டத்தில் தண்டனை உண்டு. எனினும் வாங்கியவன் பெரும்பாலும் பேருந்தேறித் தன் கல்லூரிக்கு மீண்டு விடுகிறான். விற்றவனோ அம்மலையிலேயே எண்ணப்பட்டு நிற்கிறான். முதன்முறை, இரண்டாம் முறை என்று எண்ணிக்கை ஏறுவது அவன் தலைமேல்தான். மூடுபனியில் கம்பளி போர்த்து நின்ற அத்தாயின் வினாவிற்குச் சட்டம் கூறும் விடையைப் படித்தறிந்தேன். அவ்வினா இனி அவள் வாயில் எழாதிருக்கச் செய்வது சட்டத்தின் கையில் மாத்திரமன்று, நம் கையிலும் இருக்கிறது.